தோட்டத்து வீட்டுக்கு விருந்தாளி: வாசகர் கேள்விகளுக்கு ஆனைமலையிலிருந்து பதில்

ஆனைமலைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் எங்கள் காரவீட்டில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். தோப்பை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், விருந்தாளிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். நம்ம பக்கத்தில் இப்படித் தொடங்க நினைப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஆசிரியர் அறிவித்திருந்தார். ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். பணத்தைப் போடும் முன்னால் கேட்டிருக்கிறீர்கள் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

"வாடல் நோயில் பாதித் தென்னை போச்சுங்க. மிச்சத்தில் வெள்ளை ஈ. தோட்டத்தை அடமானம் வைத்து 15 லட்சம் வாங்கி இரண்டு காட்டேஜ் கட்டி விட்டால் மாசம் தவறாமல் வருமானம் வரும் என்கிறான் மகன். செய்யலாமுங்களா?"
— விவசாயி, உடுமலைப்பேட்டை அருகே

வேண்டாமுங்க அண்ணா. முதலில் பதிலைச் சொல்லிவிட்டேன், இனிக் கணக்கைப் பார்ப்போம்.

ஓர் அறைக்கு ஒரு ராத்திரி வாடகை 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம பக்கம் ஆள் வருவது சனி, ஞாயிறு, அப்புறம் பண்டிகை விடுமுறை. திங்கள் முதல் வியாழன் வரை அறை பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். மாதத்துக்கு எட்டு ராத்திரி போனால் புதிதாகத் தொடங்கியவருக்கு அது நல்ல மாதம். ஆக வரவு 20,000. இதில் புக்கிங் தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்றால் 3,000 போய்விடும். ஒவ்வொரு முறை ஆள் காலி செய்ததும் அறையைக் கழுவித் துடைக்க ஒருவருக்கு 400 ரூபாய் வீதம், ஆறு முறைக்கு 2,400. படுக்கை விரிப்பு, துண்டு சலவை 900. இரண்டு பேருக்குக் காலைப் பலகாரம் எட்டு நாளைக்கு 1,600. கரண்ட், கேஸ், தண்ணீர் 2,000. சோப்பு, பல்பு, குழாய் வாஷர், உடைந்த கண்ணாடி என்று சில்லறைச் செலவு 1,500. எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 8,600.

இரண்டு காட்டேஜும் இதே மாதிரி ஓடினால் 17,200. ஆனால் 15 லட்சத்துக்கு 10 சதவீத வட்டியில், பத்து வருடத்துக்கு, மாதத் தவணை ஏறக்குறைய 19,800 வரும். எல்லாம் நன்றாக நடந்தாலே மாதம் 2,600 ரூபாய் கையைக் கடிக்கிறது. அடைமழை பிடித்து ஆழியாறு கவியருவியில் குளிக்க வனத்துறை தடை போட்டால் அந்த வாரம் போனில் வருவதெல்லாம் கேன்சல்தான். தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். அடமானத்தில் இருப்பதோ தோட்டம்.

மகன் ஆர்வத்தோடு சொல்வதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். தோட்டத்தில் பழைய சாளை (தோட்டத்துச் சின்ன வீடு) ஒன்று கட்டாயம் இருக்குமே? அதில் ஓர் அறை, ஒரு நல்ல குளியலறை. கைக்காசு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கு மட்டும் செய்யுங்கள். ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தால் எந்த மாதம் ஆள் வருகிறது, யார் வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இரண்டாவது அறையை முதல் அறை சம்பாதித்துக் கட்டட்டும்.

இன்னொன்று. பட்டுப்போன மரங்களை எடுத்துவிட்டு, மிச்சத் தோப்பில் ஊடுபயிராக ஜாதிக்காயோ கோகோவோ வைக்க முடியுமா என்று தோட்டக்கலை அலுவலரிடம் கேளுங்கள். அதில் தனி வருமானம் உண்டு. தவிர, எங்கள் வீட்டுக்கு வரும் பட்டணத்துப் பிள்ளைகள் அதிக நேரம் நிற்பது கோகோ மரத்தடியில்தான். காயை உடைத்து வெள்ளைச் சதையைச் சப்பக் கொடுத்தால், சாக்லேட் இதிலிருந்தா வருகிறது என்று கண்ணை விரிக்கிறார்கள்.

"கோபியில் எங்கள் அப்புச்சி கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆசாரம் (தூண் வைத்த கூடம்), உள்வாசல் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. நான் ஈரோட்டில் இருக்கிறேன், வாரம் ஒரு முறை போவேன். முதலில் எதில் பணம் போட வேண்டும்?"
— வாசகி, ஈரோடு

குளியலறையில் போடுங்கள் அம்மிணி. மிச்சமெல்லாம் அதற்கு அப்புறம்.

பழைய வீட்டைத் தேடி வருபவர்கள் ஓடு ஒழுகினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். கழிவறையில் வாடை அடித்தால் பொறுக்க மாட்டார்கள். நம்ம பழைய வீடுகளில் கழிவறை வீட்டுக்கு வெளியே, கட்டுத்தரைப் பக்கம் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு அங்கே போகச் சொல்ல முடியாது. அறையை ஒட்டியே ஒன்று கட்டிவிடுங்கள். வழுக்காத தரை ஓடு, கைப்பிடி, உயரமான இடத்தில் ஜன்னல். தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்கு எஃகு வலை. அந்த வலை இல்லாத வீட்டில் பாம்பும் பூரானும் வந்து போகும், அதுவும் பக்கத்தில் வயல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். உங்களுக்குத் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனம் பக்கத்தில் இருந்தாலும் வீட்டுக்குப் போர் தண்ணீர்தான் என்றால், அது உப்பா என்று பாருங்கள். உப்புத் தண்ணீரில் கீசர் கம்பி சீக்கிரம் போய்விடும், எவர்சில்வர் குழாயெல்லாம் வெள்ளை பூத்துவிடும், தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடிக்கும். நாங்கள் குளிக்க ஒரு தொட்டி, குடிக்க ஒரு பானை என்று பிரித்து, எந்தத் தண்ணீர் எதற்கு என்று எழுதியே ஒட்டியிருக்கிறோம்.

மெத்தையில் கஞ்சத்தனம் வேண்டாம். விரிப்பு வெள்ளைப் பருத்தியாக இருக்கட்டும், அறைக்கு மூன்று ஜோடி. ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். நெய்கிற ஊரில் இருக்கிறீர்கள். சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமுக்காளமும் வாங்கிப் போடுங்கள். அதைத் தொட்டுப் பார்த்து, எங்கே கிடைக்கும் என்று கேட்காத விருந்தாளியை நான் பார்த்ததில்லை. கொசுவலை கட்டாயம். கரண்ட் போனால் ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்கும் ஓடுகிற மாதிரி இன்வெர்ட்டர்.

ஆசாரத்துத் தூண்களுக்குப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும். அந்தத் தேக்கைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

ஆனால் நீங்கள் வாரம் ஒரு முறைதான் போவேன் என்பது எனக்கு உறுத்துகிறது. சாவியைக் கொடுத்து அனுப்பினால் நடக்கிற தொழில் இல்லை இது. விருந்தாளி வரும் நேரத்தில் வாசலில் ஓர் ஆள் நின்று 'வாங்க' என்று சொல்ல வேண்டும். ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்று சொல்ல வேண்டும். சொந்தத்திலோ பக்கத்து வீட்டிலோ நம்பகமான ஒரு குடும்பத்தை, வருமானத்தில் ஒரு பங்கு என்று பேசி, அங்கேயே தங்க வையுங்கள். மாதச் சம்பளத்தைவிடப் பங்கு நல்லது. அப்போதுதான் வீடு அவர்களுடையதாகவும் இருக்கும். அப்படி ஆள் அமையும்வரை தொடங்க வேண்டாம்.

"சரவணம்பட்டியில் ஐடி வேலை. இரண்டு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்து, அதையே நாள் வாடகைக்கு விட நண்பர்கள் மூவர் திட்டம் போட்டிருக்கிறோம். நல்ல லாபம் வரும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள்."
— வாசகர், கோவை

தம்பி, வீட்டு உரிமையாளருக்குத் தெரியுமா? எழுத்தில் சம்மதம் வாங்காமல் உள்வாடகைக்கு விட, தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் இடமில்லை. 2017இல் வந்த சட்டம், 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் 'நாள் வாடகைக்கு விடலாம்' என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். அப்புறம் குடியிருப்போர் சங்கம். அவர்களுடைய துணைவிதியில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். லிஃப்டில் நாளுக்கொரு புது முகம் ஏறினால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பயம் வருவது நியாயம்தான்.

இரண்டும் சரியாக அமைந்தால், கோவையில் ஆள் கிடைப்பது எங்களைவிடச் சுலபம். சுற்றுலா வருபவர்களை மட்டும் நம்ப வேண்டாம். மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள், மகளைக் கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோர், தேர்வு எழுத வரும் பிள்ளைகள், கல்யாணத்துக்கு வரும் சொந்தபந்தம், கம்பெனி வேலையாக வாரக்கணக்கில் தங்குபவர்கள் என்று கிழமை பார்க்காமல் வருகிறவர்கள் அங்கே நிறைய. ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கு அடுப்பும் குக்கரும் வேண்டும், கஞ்சி காய்ச்சுவார்கள். அவர்களிடம் வாடகையைக் கொஞ்சம் குறைத்து வாங்குங்கள் என்பது என் வேண்டுகோள். வாரக் கணக்கில் தங்குவார்கள், உங்களுக்கும் நட்டம் வராது.

"என்னென்ன அனுமதி வாங்க வேண்டும்? ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்."
— பொள்ளாச்சி, தாராபுரம், சத்தியமங்கலத்திலிருந்து பலர்

நீங்கள் குடும்பத்தோடு குடியிருக்கும் வீட்டில் சில அறைகளை விடுவதுதான் ஹோம்ஸ்டே. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஓர் அறை முதல் ஆறு அறை வரை, அதாவது அதிகபட்சம் 12 படுக்கை. உரிமையாளர் அங்கேயே வசிக்க வேண்டும். தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம் கொடுக்கிறார்கள். நம் மாநிலச் சுற்றுலாத் துறையும் ஹோம்ஸ்டேக்களைப் பதிவு செய்கிறது. மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்கு நேரில் போய் இப்போதைய விண்ணப்பமும் விதிகளும் வாங்கிக்கொள்ளுங்கள். அலைச்சல் என்று விட்டுவிடாதீர்கள். ஏதாவது பிரச்சினை என்று போலீஸ் வந்தால், பதிவு உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத் தெரியும்.

உள்ளாட்சியில் வீட்டு வரி எந்த வகையில் வரும் என்றும், மின்வாரியத்தில் எந்தக் கட்டணப் பிரிவு என்றும் எழுதிக் கொடுத்தே கேளுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கிணற்று மோட்டாருக்குக் கொடுத்த இலவச விவசாய இணைப்பிலிருந்து விருந்தாளி அறைக்கு ஒரு வயர்கூட இழுக்காதீர்கள். அந்தச் சலுகை உழவருக்காகப் போராடி வாங்கியது. அதில் ஏசி ஓடக் கூடாது.

சமைத்துக் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம், சின்ன அடுக்களைக்குக் கட்டணமும் அதிகமில்லை.

ஜிஎஸ்டி: சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. தளம் வழியாக வரும் புக்கிங்குக்கு, பதிவு இல்லாத உங்களுக்குப் பதிலாகத் தளமே வரியை வசூலித்துக் கட்டிவிடும். ஒரு ராத்திரி 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 12 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். வருமான வரி தனி. தளத்தில் பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், கொடுக்காவிட்டால் பிடித்தம் அதிகமாகும். வரவு செலவை ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள்.

வெளிநாட்டுக்காரர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறை இணையதளத்தில் அவருடைய பாஸ்போர்ட், விசா விவரங்களைப் பதிய வேண்டும். இதற்கு உங்கள் வீட்டை அங்கே முன்கூட்டியே பதிவு செய்து கணக்கு வைத்திருக்க வேண்டும். மகாசிவராத்திரிக்கு ஈஷாவுக்கும், ஜனவரியில் பொள்ளாச்சி பலூன் திருவிழாவுக்கும் வெளிநாட்டிலிருந்து ஆள் வருவதுண்டு. அன்றைக்குப் போய்த் தடுமாற வேண்டாம்.

நம் நாட்டவரிடம் ஆளுக்கொரு அடையாள அட்டை வாங்கிப் பார்த்து, பதிவேட்டில் பெயர், ஊர், போன் எண் எழுதி, கையெழுத்து வாங்குங்கள். ஆதார் நகல் கொடுத்தால், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைப்பு நகல் போதும். மற்றவர் ஆதாரை வாட்ஸ்அப்பில் சேர்த்து வைப்பது நல்ல பழக்கமில்லை.

"புருஷன் பொண்டாட்டி இல்லாத ஜோடிக்கு அறை கொடுத்தால் போலீஸ் கேஸ் ஆகுமா? எங்கள் ஊரில் பயமுறுத்துகிறார்கள்."
— வாசகர், மேட்டுப்பாளையம்

இருவருக்கும் 18 வயது நிரம்பியிருந்தால் அது குற்றமில்லை. இந்தக் கேள்வி நம் கோவையிலிருந்தேதான் நீதிமன்றத்துக்குப் போனது. 2019இல் கோவையில் நாள் வாடகைக்கு விடும் ஒரு கட்டடத்துக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்கியிருந்தார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அப்படித் தங்குவதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை என்று அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, சீலை அகற்ற உத்தரவிட்டது.

நான் வயதைப் பார்ப்பேன், இருவருடைய அட்டையையும் பார்ப்பேன். அந்தப் பெண் தானாக விரும்பி வந்தவளாகத் தெரிகிறாளா என்று கவனிப்பேன். காப்பி கொடுக்கும் சாக்கில் இரண்டு வார்த்தை பேசினால் தெரிந்துவிடும். அதற்கு மேல் கேட்பதில்லை. அறைக்குள் கேமரா வைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து வீட்டுக்குள் எங்குமே கேமரா கூடாது என்று உலகம் முழுக்கத் தடை செய்துவிட்டது. வாசலில், வண்டி நிறுத்தும் இடத்தில் இருக்கலாம். அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

"வருபவர்கள் யார் எவர் என்று தெரியாமல் வீட்டுக்குள் விட மாட்டேன் என்கிறார் மாமியார். புக்கிங் எடுக்கும்போது, 'நீங்க என்ன ஆளுங்க' என்று நாசூக்காகக் கேட்டுக்கொள்ளலாமா அக்கா?"
— வாசகி, நாமக்கல் மாவட்டம்

கூடாது கண்ணு. நாசூக்காகவும் கூடாது, சுற்றி வளைத்து ஊரையும் கோயிலையும் கேட்டுத் தெரிந்துகொள்வதும் கூடாது. காசுக்கு அறை விடுகிறோம் என்று பலகை மாட்டிய பிறகு சாதியைப் பார்த்துக் கதவைத் திறப்பது சட்டப்படி தப்பு. கடைக்கும் உணவு விடுதிக்கும் தங்கும் விடுதிக்கும் சாதி பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சொல்கிறது. தீண்டாமை பாராட்டுபவருக்கு 1955ஆம் வருடக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனை உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேறு இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். நம்ம பக்கத்தில் டீக்கடையில் தனி டம்ளர் வைத்த கதை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பெங்களூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆசையாகச் சொந்த மண்ணைப் பார்க்க வரும் ஒருவர், நம் வீட்டு வாசலில் நின்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமா? பெரியவரின் மனசு மாறாது என்றால் இந்தத் தொழிலே வேண்டாம். அவரைக் கஷ்டப்படுத்தி நீங்கள் சம்பாதிக்க வேண்டாம், மற்றவரை அவமானப்படுத்தியும் வேண்டாம்.

அடுக்களைக்குள் வெளியாள் வருவது அவருக்குச் சங்கடம் என்றால், அடுக்களை யாருக்குமே இல்லை என்று விதி போடுங்கள். அது எல்லோருக்கும் ஒன்று, அதில் தவறில்லை. வேலை செய்பவர்களுக்கும் இதே பேச்சுதான். எங்கள் வீட்டில் அறை துடைக்க வரும் அக்கா குடிக்கும் டம்ளரும் விருந்தாளிக்குக் கொடுக்கும் டம்ளரும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.

"நூடுல்ஸ், பீட்சா எல்லாம் கேட்பார்களா? எனக்கு நம்ம ஊர்ச் சமையல்தான் தெரியும்."
— வாசகி, காங்கேயம்

அதைத்தான் சாப்பிட வருகிறார்கள். காலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும். மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய், தொட்டுக்க உருளைக்கிழங்கு. சாயங்காலம் கச்சாயம். ராத்திரி பச்சைப்பயறு கடைசலோ கொள்ளு ரசமோ. நாட்டுக்கோழி வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள். காரத்தைப் பாதியாக்குங்கள், வடக்கத்திக் குழந்தைகள் அழுதுவிடும். காலைப் பலகாரத்தை வாடகையிலேயே சேர்த்துவிட்டு, மற்ற வேளைக்குத் தனி விலை எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் தட்டு, கப் எதுவும் வேண்டாம், 2019 ஜனவரியிலிருந்து தடை. நமக்கு இருக்கவே இருக்கிறது வாழை இலை.

தென்னந்தோப்பைப் பார்த்ததும் 'கள் கிடைக்குமா' என்று கேட்பவர் உண்டு. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது, நாங்கள் இறக்குவதில்லை என்று சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்துவிடுவேன். செவ்விளநீர் குடித்தவர் மறுபடி கள்ளைப் பற்றிக் கேட்பதில்லை.

"எங்கள் தோட்டத்துக் கிணறு பெரிது. 'கிணற்றுக் குளியல்' என்று விளம்பரம் போட்டால் ஆள் வருமே?"
— இளைஞர், பல்லடம்

வரும் தம்பி. அதனால்தான் போட வேண்டாம் என்கிறேன்.

நம்ம ஊர்க் கிணறுகள் பாறை வெட்டிய கிணறுகள். நீங்கள் சின்ன வயதிலிருந்து சுரைக்காய்ப் புருடை கட்டிக்கொண்டு விழுந்து பழகியவர். எந்த மூலையில் பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்தப் படி பாசி பிடித்தது என்று உங்கள் காலுக்கே தெரியும். நகரத்தில் நீச்சல் குளத்தில் பழகியவருக்கு அது தெரியாது. மேலே நின்று செல்ஃபி எடுத்துவிட்டுக் குதிப்பார். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின் (பி.ஏ.பி.) வாய்க்காலும் அப்படித்தான். மேலே அமைதியாகப் போகிற மாதிரி தெரியும், உள்ளே இழுக்கிற இழுப்பும் சரிவான கரையின் வழுக்கலும் இறங்கினால்தான் தெரியும். ஆழியாற்றில் குளிக்க இறங்கி உயிர்விட்ட செய்திகளை வருடம் தவறாமல் படிக்கிறோம். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு கலங்கும்.

கிணற்றுக்கு இடுப்பளவு சுற்றுச்சுவர், மேலே கம்பி வலை, பூட்டுள்ள கதவு. ஒரு நீளக் கயிறும் காற்றடித்த டியூபும் பக்கத்திலேயே தொங்கட்டும். பிள்ளைகள் தண்ணீரில் ஆட வேண்டும் என்றால் மோட்டாரைப் போட்டு, இடுப்பளவுகூட ஆழமில்லாத தொட்டியில் பம்புசெட் தண்ணீரை விடுங்கள். அங்கேயும் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

"சேத்துமடைக்குப் பக்கம், காட்டை ஒட்டி நிலம் இருக்கிறது. டென்ட் போட்டு, கேம்ப் ஃபயர், பாட்டு என்று செய்யலாமா?"
— வாசகர், திருப்பூர்

அந்தப் பாட்டும் நெருப்பும் எங்களுக்கு ஒரு ராத்திரிப் பொழுதுபோக்கு. யானைக்கு அது வழிமறிப்பு. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரம் அது. யானை நடக்கும் தடத்தில் விடுதி கட்டியவர்களுக்கு என்ன ஆனது என்று நீலகிரியில் பார்த்தோம். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவால் சீல் வைத்தார்கள். யானை வழித்தடத்தை அரசு அறிவித்தது சரிதான் என்று 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டா நிலம் என்பதால் மட்டும் எல்லாம் செய்துவிட முடியாது. மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிக்குள் உங்கள் கிராமம் வருகிறதா என்று வருவாய்த்துறையிலும், வனத்துறையிலும் முதலில் கேளுங்கள். டென்ட் முகாமுக்குச் சுற்றுலாத் துறைப் பதிவு தனி.

எல்லா அனுமதியும் கிடைத்தாலும் என் யோசனை, அங்கே வேண்டாம் என்பதுதான். பலாவும் வாழையும் பழுக்கும் காலத்தில் யானை வரும். வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்று மொபைலுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியும் சிவப்பு விளக்கு எரியவிட்டும் ஜனங்களை உஷார்படுத்துகிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அவ்வளவு எச்சரிக்கை தேவைப்படுகிறது. துணிக் கூடாரத்துக்குள் பட்டணத்துப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நீங்கள் திருப்பூரில் எப்படிக் கண்ணை மூடுவீர்கள்? ஊருக்குள் ஒரு வீட்டைப் பிடியுங்கள். காலையில் எழுந்து டாப்சிலிப்புக்கோ பரம்பிக்குளத்துக்கோ வனத்துறை வண்டியில் போய்வரட்டும். வால்பாறைக்குப் போகிறவர்களிடம் 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் வேண்டும் என்பதையும் புக்கிங் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஆழியாறு சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு போன் செய்பவர்கள் அதிகம்.

"ஒருவர் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போய்விட்டார். தூக்கமே வரவில்லை."
— வாசகி, பெருந்துறை

அவர் சொன்ன குறை உண்மையா? உண்மை என்றால் சரிசெய்துவிட்டு, 'சரிசெய்துவிட்டோம்' என்று அவருக்குக் கீழேயே இரண்டு வரி பதில் எழுதுங்கள். உண்மை இல்லை என்றால், நடந்ததை மரியாதையாக இரண்டு வரியில் எழுதுங்கள். அடுத்து வருபவர் படிப்பது உங்கள் பதிலைத்தான். அப்புறம் தூங்குங்கள்.

"எல்லாம் தயார் அக்கா. சித்திரை விடுமுறைக்குத் திறக்கலாம் என்றிருக்கிறோம். சரிதானே?"
— தம்பதி, வேட்டைக்காரன்புதூர்

ஏப்ரல், மே மாதத்தில் புதிதாகத் திறப்பது கஷ்டம். எல்லா நாளும் ஆள் இருக்கும், எது எங்கே ஓடுகிறது என்று பார்க்க நேரமிருக்காது. ஆனியில் திறங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலும் நம்ம பக்கத்துக்கே அழகு, கூட்டமும் குறைவு. அதற்கு முன் ஒரு வாரம் சொந்தக்காரர் குடும்பம் ஒன்றைத் தங்க வையுங்கள். அதில் ஒரு வயதானவரும் ஒரு கைக்குழந்தையும் இருக்கட்டும். காசு வாங்காதீர்கள், குறையை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் ஒரு ராத்திரி அந்த அறையில் படுத்துப் பாருங்கள். மோட்டார் சத்தம் கேட்கிறதா, விடியற்காலை வெளிச்சம் முகத்தில் அடிக்கிறதா, சார்ஜர் போடக் கட்டில் பக்கத்தில் பிளக் இருக்கிறதா எல்லாம் தெரிந்துவிடும்.

ஒரே அறையை இரண்டு தளத்தில் போட்டால் இரண்டு காலண்டரையும் இணைக்கும் வசதி இருக்கிறது, அதைத் திறப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஓணத்துக்குப் பாலக்காடு, திருச்சூரிலிருந்து காரில் வருவார்கள். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் என்று அடுத்தடுத்து விடுமுறைகள் வரும். தை, மாசியில் மாசாணியம்மன் கோயில் குண்டத்துக்கு (தீமிதி) கூட்டம். அந்த நாட்களில் வாடகையைக் கொஞ்சம் ஏற்றலாம், இரண்டு மடங்கு ஆக்காதீர்கள். உங்கள் ஊர் எனக்குப் பக்கம்தான். திறக்கும் முன் ஒரு நடை வந்து எங்கள் சலவைக் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள், முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது.